நாற்காலிக்குப் பக்கத்துச் சுவிட்சு

அந்த வயர்மேனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். "ச்சீக்காரர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பேச்சுக்கு நடுவே மற்றவர்கள் "வந்து" என்றும் "அதாவது" என்றும் போட்டு இழுக்கிற இடத்தில் இவர் "ச்சீ" என்று போடுவார். கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேசச் சொன்னபோதும் மூன்று முறை வந்துவிட்டது, பாவம்.

அடுத்தவர் துண்டு தோளில் பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. டம்ளருக்குள் விரலை விட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவர்களை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். எச்சில் தொட்டுப் பத்திரிகை புரட்டுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் இவர் எழுந்து நின்றுகொள்வார். சோப்பில் ஒட்டிய முடியைப் பற்றி அவர் ஆரம்பித்தாலே அவர் மனைவி, "சாப்பிடுற நேரத்துல வேண்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். இப்படிப்பட்ட மனிதர் தலையில் எழுதியிருந்த வேலை என்ன தெரியுமா? ஊரார் குளியலறைக்குள் ஏணி போட்டு ஏறி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது.

அவராகத் தேடிப் போனதில்லை. எல்லா வயரிங் வேலையும் தெரிந்தவர்தான். ஆனால் குளியலறை வேலையை அவர் செய்கிற மாதிரி அந்த வட்டாரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். காரணம் திறமை இல்லை, அருவருப்பு. ஒரு தடவை செய்தால் மறுபடி அந்தப் பக்கமே கூப்பிடக் கூடாது என்று நினைத்துச் செய்வார். ஸ்குரூ ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார். அதனால் வேலை சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஒரு குளியலறையிலிருந்து தப்பிக்கப் போய் இன்னொரு குளியலறையில் மாட்டிக்கொள்வதே அவர் பிழைப்பாகிவிட்டது.

பழைய ஃபேனைக் கழற்றியிருக்கிறீர்களா? கழற்றாதவரைக்கும் நீங்கள் புண்ணியவான். வெளியே பார்க்க வெள்ளை மூடிதான். மூடியை எடுத்தால் உள்ளே இறக்கை எது, அழுக்கு எது என்று பிரிக்க முடியாது. பவுடர் தூசும் குளியல் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் களிபோல் அப்பியிருக்கும். அதில் முடி. அந்த வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேர் முடியும். முடியில் சிக்கிக் காய்ந்த கரப்பான் இறக்கை. சில இடங்களில் வாலில்லாத பல்லி, சில இடங்களில் பல்லியில்லாத வால். இதைக் கழற்றும்போது ஒரு கட்டி வாய்க்கு நேராக விழும். கைக்குட்டையை மூக்கோடு வாயைச் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஏறுவார். அப்படியும் விழும்.

கழற்றிக் காட்டினால் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அதுதான் அவருக்குத் தாங்காது. "அடேயப்பா, இவ்வளவு சேர்ந்திருக்கா!" என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரி. ஒரு வீட்டில் இப்படிச் சொன்ன அம்மாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அதே விரலால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். அவர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

இத்தனை வருஷ அருவருப்பிலிருந்து அவர் ஒரு கொள்கைக்கு வந்திருந்தார். ஃபேனுக்குத் தனி சுவிட்சு வைக்கக் கூடாது. விளக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். "மனுஷனுக்குத் தன் நாத்தம் தெரியாது, இருட்டு தெரியும். அதனால ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு விட்டுடணும்" என்பார். ஃபேன் போட மறக்கிறவன் விளக்குப் போட மறக்க மாட்டான். உள்ளே போகிறவன் விளக்கைப் போட்டால் ஃபேன் தானாக ஓடும். ஆள் வெளியே வந்து விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிற மாதிரி டைமர் வைத்தால் இன்னும் நல்லது. ஆள் வந்துவிடுவான், ஈரம் வராதே. இவ்வளவுதான் அவருடைய தத்துவம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் மலரும்.

இந்த மனிதருக்கு ஒரே மகள். அவளைத்தான் டைம் கீப்பர் வீட்டில் கொடுத்திருந்தார்.

டைம் கீப்பர் என்பது சம்பந்தியின் பழைய வேலை. பஸ் டிப்போவில், எந்த வண்டி எப்போது கிளம்பியது, எந்த டிரைவர் டீ குடிக்கப் போய் எவ்வளவு நேரம் தின்றான் என்று பார்க்கிற உத்தியோகம். ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் வேலை அவரை விடவில்லை. டிப்போவில் வண்டிகளைப் பார்த்த கண் இப்போது வீட்டு ஆட்களைப் பார்த்தது. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, உரக்கக்கூடப் பேச மாட்டார். வரதட்சணை என்று வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மகள் போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வருகிறபோதெல்லாம் இளைத்துப் போய் வந்தாள். அதைவிட, எல்லாவற்றையும் பறக்கப் பறக்கச் செய்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இவர் இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் அவள் கை கழுவியிருப்பாள். குளிக்கப் போனால் போன வேகத்தில் திரும்பி வந்து நிற்பாள், கழுத்தில் சோப்புகூடப் போகாமல். "ஏம்மா, ஓடுற ரயிலையா பிடிக்கப் போறே?" என்று கேட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. குளியலறையில் ஃபேன் வேலை இருக்கிறது, விளக்கோடு சேர்த்து ஒரே சுவிட்சில் கொடுக்க வேண்டும், வெளி ஆளைக் கூப்பிடுவானேன், நீங்களே வந்தால் நன்றாக இருக்கும். ச்சீக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன் கொள்கை சம்பந்திக்கும் தோன்றியிருக்கிறதே! "பெரிய மனுஷன், பெரிய மனுஷன்தான்" என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "போங்க, வேண்டாங்கலை. ஆனா அங்க போய் எதையாவது பார்த்து வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. பொண்ணைக் கொடுத்த இடம். நீங்க ஒரு நாள் சொல்லிட்டு வந்துடுவீங்க, அவ வருஷம் பூரா கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"நூலைப் பல்லால கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? ச்சீ."

"இதைத்தான் சொன்னேன்."

"சரி, சரி. வாயைத் திறக்க மாட்டேன். போதுமா?"

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். எண்ணெய்த் தலையைத் தொட அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மகளுக்காகத் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிப் பெட்டியும் மடக்கு ஏணியுமாகப் போய் இறங்கினார். இரண்டு அறை, நடுவே ஒரு ஹால், நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. ஹாலில் குளியலறைக் கதவுக்கு நேர் எதிராக அல்ல, பக்கவாட்டில், சுவரை ஒட்டி ஒரு கை வைத்த நாற்காலி. அதில் சம்பந்தி. நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டினால் குளியலறை விளக்கின் சுவிட்சு. அதன் மேல் கை படுகிற இடம் மட்டும் சுவர் கறுத்து வழவழவென்று இருந்தது. ச்சீக்காரரின் கண் முதலில் போனது அந்தக் கறைக்குத்தான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க மாமா" என்றார், தலையைத் தூக்காமல். சம்பந்தியம்மா டீ கொண்டுவந்து வைத்தார். மேலே ஆடை படர்ந்து நடுவில் சுருங்கியிருந்தது. அந்தம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஆடை மேலுதட்டில் ஒட்டியது. என் பெண்ணே, உனக்காக என்று நினைத்துக்கொண்டு அதையும் நாக்கால் இழுத்து விழுங்கினார். இப்படி ஒரு தியாகத்தை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை.

சம்பந்தியம்மாவைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எப்போதும் கொண்டையை இறுக முடிந்துகொண்டு, எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்கிற மாதிரி நிற்பார்.

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா" என்று கண்ணால் சிரித்துவிட்டு உள்ளே போனாள். கன்ன எலும்பு தெரிந்தது.

"வேலை இதுதான் சம்பந்தி," என்றார் டைம் கீப்பர். "இப்ப ஃபேனுக்குச் சுவிட்சு உள்ளே இருக்கு. அதை எடுத்துடுங்க. இந்தச் சுவிட்சைப் போட்டா விளக்கும் ஃபேனும் ரெண்டும் வரணும். அணைச்சா ரெண்டும் நிக்கணும். அவ்வளவுதான்."

"ரொம்ப நல்ல யோசனைங்க சம்பந்தி. நானே எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன். கூடவே ஒரு டைமர் போட்டுட்டா, விளக்கு அணைஞ்ச பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். ஈரமெல்லாம்..."

"வேண்டாம், வேண்டாம்." டைம் கீப்பர் பதறிவிட்டார். "அணைச்சா நிக்கணும். அதுதான் முக்கியம்."

கரண்ட் மிச்சம் பிடிக்கிறார் என்று ச்சீக்காரர் நினைத்துக்கொண்டார். மாற்றி நினைக்க அவருக்கு ஏதும் தெரியாது.

கழற்றுவதற்கு முன்னால் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு பின் சந்துக்குப் போனார். ஃபேன் காற்றைத் தள்ளும்போது திறந்துகொள்கிற பிளாஸ்டிக் பட்டைகள் அழுக்கேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. குச்சியால் நெம்பியபோது உள்ளிருந்து புறா எச்சமும் பஞ்சும் கொட்டின. யாருமில்லாத சந்து. ஆசை தீர ஐந்தாறு முறை "ச்சீ" சொல்லிக்கொண்டார். மனசு லேசாகிவிட்டது.

அவர் வெளியே இருந்த நேரத்தில் வீட்டுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. ஃபேனைக் கழற்றிவிட்டால் மத்தியானம் வரை குளியலறை கிடைக்காது என்று மகள் அவசர அவசரமாகக் குளிக்கப் போயிருந்தாள். டைம் கீப்பர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மாடிக்குப் போயிருந்தார்.

இவர் திரும்பி வந்தபோது ஹாலில் யாருமில்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அது சாத்தியிருப்பதுதானே வழக்கம்? ஃபேன் சத்தமும் இல்லை, தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வேலை தொடங்குமுன் சுவிட்சை அணைப்பது அவர் கைப்பழக்கம். கறையில் விரல் படாமல் நகத்தால் தட்டி அணைத்தார்.

அணைத்த உடனே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதோ மாமா! இதோ வந்துட்டேன் மாமா! கண்ணுல சோப்பு மாமா, அதை மட்டும் கழுவிக்கிட்டு வந்துடறேன். கோவிச்சுக்காதீங்க மாமா, இதோ முடிஞ்சிடுச்சு."

திடுக்கிட்ட குரல் இல்லை அது. இருட்டில் பயந்த குரலும் இல்லை. மனப்பாடமாகிப் போன குரல். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி, தினமும் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன குரல். அது தன் மகளுடையது என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பதறிப்போய்ச் சுவிட்சைப் போட்டார்.

உள்ளே சொம்பு வாளியில் மோதியது. பிறகு, "ரொம்ப தாங்க்ஸ் மாமா" என்றாள்.

வெளிச்சம் கொடுத்ததற்கு நன்றி. தன் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள விட்டதற்கு நன்றி. இத்தனை வருஷம் எத்தனையோ அசிங்கத்தைக் கையால் அள்ளியவருக்கு அப்போது வந்த மாதிரி ஒரு குமட்டல் வந்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடம் அந்தக் கறுத்த இடம். எத்தனை தடவை அணைத்தால் ஒரு சுவர் இப்படிக் கறுக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

அவள் வெளியே வந்தாள். காதுக்குப் பின்னால் நுரை. சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. உடனே சிரித்தாள். அந்தச் சிரிப்பை.

"நீங்களாப்பா? நான் மாமான்னு..."

"இது தினமும் நடக்குதாம்மா?"

"விடுங்கப்பா. மெதுவாப் பேசுங்க."

"தினமும் நடக்குதா?"

"எனக்கு மட்டும் இல்லப்பா, அத்தைக்கும்தான். நேரமாச்சுன்னா அணைச்சிடுவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். அணைப்பார், அவ்வளவுதான். முன்னெல்லாம் நான் பயந்து கத்திட்டேன். அப்புறம் இருட்டுல எது எங்க இருக்குன்னு பழகிடுச்சு." அவள் துண்டால் காதைத் துடைத்தாள். "உள்ள ஃபேன் சுவிட்சு இருக்குல்ல, அதைப் போட்டுக்குவேன். இருட்டா இருந்தாலும் அந்தச் சத்தம் ஒரு துணை மாதிரி இருக்கும். அது மாமாவுக்குப் பிடிக்கலை."

அணைச்சா நிக்கணும், அதுதான் முக்கியம். இப்போது ச்சீக்காரருக்குப் புரிந்தது. இதற்குத்தானா என்னைக் கூப்பிட்டான்? என் பெண்ணின் கடைசித் துணையையும் என் கையாலேயே பிடுங்கச் சொல்லி, எனக்கே டீயும் கொடுத்து!

"நான் கேக்கறேன். இப்பவே கேக்கறேன்."

மகள் அவர் கையைப் பிடித்தாள். ஈரக் கை. "அப்பா, வேண்டாம். நீங்க கேட்டுட்டுப் போயிடுவீங்க. நான்தானே இருக்கணும்?"

அம்மா சொன்ன அதே வார்த்தை. தாயும் மகளும் பேசி வைத்துக்கொண்டு சொன்னார்களா என்ன? இல்லை. பெண்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அதுவும் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

டைம் கீப்பர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் சமையலறைக்கு ஓடிவிட்டாள். இவர் மெயினை நிறுத்திவிட்டு, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறினார். மூடியைக் கழற்றினார். வழக்கமான களி, வழக்கமான முடி. ஒரு கட்டி நேராக நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அழுக்கு என்ன செய்யும்? அது பாட்டுக்கு இருக்கிறது. கழுவினால் போய்விடும்.

வெளியே டைம் கீப்பர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். "வீடுன்னா ஒரு ஒழுங்கு வேணும் சம்பந்தி. ஒரு ஆளுக்குக் குளிக்க எவ்வளவு நேரம் வேணும் சொல்லுங்க? நான் யாரையும் வையறதில்லை. வாயால சொன்னா மனஸ்தாபம் வரும். விளக்கை அணைச்சா ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, புரிஞ்சுக்குவாங்க. ஆனா பாருங்க, இப்ப விளக்கை அணைச்ச பிறகும் உள்ள ஃபேன் ஓடுது. என்ன அர்த்தம்? இன்னும் உள்ளதான் இருக்காங்கன்னு அர்த்தம். அது ஒரு மாதிரி எதிர்த்துப் பேசற மாதிரி இருக்கு."

மாடியிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாரும் இருட்டுலயே குளிச்சு வளர்ந்தவங்க மாமா. பழகிட்டா ஒண்ணும் தெரியாது."

ஏணி மேலிருந்து ச்சீக்காரர் அவரைக் குனிந்து பார்த்தார். நல்ல சம்பளம், நல்ல குடும்பம், ஒரு கெட்ட பழக்கம் இல்லை என்று எத்தனை பேரிடம் விசாரித்தோம்! நீ எப்படிக் குளிக்கிறாய் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

வேலையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று யோசித்தார். போனால் நாளைக்கே இன்னொரு வயர்மேன் வருவான். இரண்டு வயரைச் சேர்த்து முறுக்க எந்தக் கழுதைக்கும் தெரியும். சொன்னபடி செய்துவிட்டுப் போகலாமா? அதை நினைத்தபோது ஸ்குரூ கைதவறிக் கீழே விழுந்தது. பிறகு அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டு வேலை செய்தார். கோபத்தில் செய்த வேலை சுத்தமாக வந்தது. ஃபேனை டெட்டால் ஊற்றித் தேய்த்துக் கழுவி மாட்டினார். விளக்குக்குப் போகிற வயரிலிருந்தே ஃபேனுக்கும் கொடுத்தார். கருவிப் பெட்டிக்குள் அடியில் கயிறு வைத்த சுவிட்சு ஒன்று கிடந்தது. கூரையில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் போதும், ஈரக் கையானாலும் ஷாக் அடிக்காது. அதைக் குளியலறைக் கூரையில், குளிக்கிறவர் நின்ற இடத்திலிருந்தே எட்டுகிற மாதிரி மாட்டினார்.

பிறகு ஹாலுக்கு வந்தார். "கொஞ்சம் கையை எடுங்க சம்பந்தி" என்று சொல்லி, நாற்காலிக்குப் பக்கத்துச் சுவிட்சைக் கழற்றினார். உள்ளேயிருந்த இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றி, பள்ளத்துக்குள் தள்ளி, மேலே வெறும் தட்டு ஒன்றை வைத்து மூடினார். மெயினைப் போட்டார்.

டைம் கீப்பர் தட்டைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "சுவிட்சு எங்க?"

"உள்ளே இருக்கு."

"உள்ளேன்னா?"

"குளியலறைக்குள்ள. யார் குளிக்கிறாங்களோ அவங்க போட்டுக்குவாங்க. முடிஞ்சதும் அவங்களே அணைப்பாங்க. நீங்க கேட்டபடி ரெண்டுக்கும் ஒரே சுவிட்சுதான்."

"நான் அப்படிக் கேக்கலையே?"

"நீங்க கேட்டதை என்னால செய்ய முடியாது சம்பந்தி." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் பாக்காத அசிங்கம் இல்லை. ஊர் அழுக்கையெல்லாம் முகத்துல வாங்கியிருக்கேன். ஆனா ஒரு பொம்பளை துணியில்லாம, கண்ணுல சோப்போட நிக்கறப்ப, வெளிய நாற்காலியில உக்காந்துக்கிட்டு விளக்கை அணைக்கிற கையை இன்னிக்குத்தான் பாக்கறேன். எனக்குக் குமட்டுது. உங்க வீட்டு டீயைக் குடிச்சிட்டு இதைச் சொல்றேன்."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். மாப்பிள்ளை, "என்ன மாமா இது, சின்ன விஷயத்துக்கு" என்று ஆரம்பித்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டைம் கீப்பர் மெதுவாகத்தான் பேசினார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "இது என் வீடு சம்பந்தி. இங்க ஒரு முறை இருக்கு. பிடிக்கலைன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்க வீட்டுல நாள் பூரா குளிக்கட்டும்."

சொல்லிவிட்டார். ச்சீக்காரரின் மனைவி எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. வாயைத் திறந்து இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று மகளைப் பார்த்தார். வா, போகலாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. மன்னிச்சிடுங்க சம்பந்தி என்று சொல்லவும் நாக்கு புரளவில்லை.

மகள் சமையலறை வாசலிலிருந்து வந்தாள். அவசரமில்லாமல் வந்தாள். கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் இன்னும் சரியாக் குளிக்கலை மாமா," என்றாள். "குளிச்சிட்டு வந்து பேசறேன்."

உள்ளே போய்த் தாழ் போட்டாள். கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வெளிச்சம் விழுந்தது. கூடவே ஃபேன் ஓடத் தொடங்கியது. கழுவின ஃபேன், நல்ல சீரான சத்தம். ஹாலில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் நிறைந்தது. ஒரு சொம்பு. நிதானமாக இன்னொரு சொம்பு.

டைம் கீப்பரின் இடது கை தானாகச் சுவருக்குப் போனது. வெறும் தட்டின் மேல் விரல் அழுத்தியது. மறுபடி அழுத்தியது. பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசல் பக்கத்துச் சுவரில் மெயின் பெட்டி இருந்தது. அதை நோக்கி நடந்தார். ச்சீக்காரர் குறுக்கே போகப் பாய்ந்தார், ஏணி தடுக்கிற்று.

ஆனால் மெயின் பெட்டிக்கு முன்னால் ஏற்கெனவே ஆள் நின்றிருந்தது. சம்பந்தியம்மா. எப்போது அங்கே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு, கையில் மடித்த துண்டோடு நின்றிருந்தார்.

"தள்ளு," என்றார் டைம் கீப்பர்.

"அவ நிதானமா வரட்டும்," என்றார் அந்தம்மா. "அடுத்தது நான் போறேன். தலைக்கு ஊத்திக்கணும். நேரமாகும்."

சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்து விட்டார்.